கையில் ஒன்றும் இல்லாமல் சின்னப் பிள்ளைகளோடு விளையாடுவது எப்படி

முதலில் தரையில் உட்காருங்கள். சோபாவில் சாய்ந்தபடி கீழே இருக்கும் குழந்தையோடு விளையாடப் பார்த்தால் இரண்டு நிமிடத்தில் அது எழுந்து போய்விடும். உங்கள் முகம் அதன் முகத்துக்கு நேராக வந்துவிட்டாலே பாதி வேலை முடிந்தது. போனை வேறு அறையில் வையுங்கள், பாக்கெட்டில்கூட வேண்டாம். பத்து நிமிடம் போதும். ஒரு கண்ணைப் போனில் வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருப்பதைவிட முழுசாகக் கொடுத்த பத்து நிமிடம் எவ்வளவோ மேல், குழந்தைக்கு அந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும்.

இன்னொன்றையும் ஆரம்பத்திலேயே சொல்லிவிடுகிறேன். நிறையப் பெற்றோர் "புதுசா ஏதாவது விளையாட்டு இருந்தா சொல்லுங்க" என்று கேட்கிறார்கள். குழந்தை புதுசு கேட்பதே இல்லை. அது கேட்பது "இன்னொரு தடவை". என் மகள் இரண்டு வயதில் ஒரே சாயங்காலத்தில் கதவுக்குப் பின்னால் இருபது தடவைக்கு மேல் ஒளிந்திருக்கிறாள், ஒவ்வொரு தடவையும் அதே இடம், அதே சிரிப்பு. நமக்குத்தான் அலுக்கிறது. அதனால் ஐம்பது விளையாட்டுகளைத் தேடிப் பிடிக்க வேண்டாம், ஐந்தாறு போதும். குழந்தை வளர வளர அதே விளையாட்டில் ஒரு சின்ன மாற்றம் செய்துகொண்டே போனால் கைக்குழந்தையிலிருந்து ஆறு வயதுவரை தாராளமாக ஓடும்.

கைக்குழந்தை என்றால்

எல்லா விளையாட்டுக்கும் மூத்தது முகத்தை மூடித் திறப்பதுதான். உள்ளங்கைகளால் முகத்தை மூடுங்கள், "அம்மா எங்க?" என்று கேளுங்கள், கொஞ்சம் காத்திருங்கள், திறங்கள். இதில் முக்கியம் அந்தக் காத்திருப்பு. பெரும்பாலானவர்கள் மூடிய உடனே திறந்துவிடுகிறார்கள். விரல் இடுக்கு வழியாகக் குழந்தையைப் பாருங்கள்: கால் உதைப்பது நிற்கும், மூச்சைப் பிடித்துக்கொள்ளும், கண் உங்கள் கையையே பார்க்கும். அந்த எதிர்பார்ப்பு உச்சத்துக்கு வரும் நேரத்தில் திறந்தால்தான் அந்தக் கெக்கெக்கெ சிரிப்பு வரும்.

கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் ஒரு பொருள் இருந்துகொண்டுதான் இருக்கும் என்பது நமக்கு ஒரு விஷயமே இல்லை, குழந்தைக்கு அது கற்றுக்கொள்ள வேண்டிய பாடம். மறைத்து வைத்த பொருளைக் குழந்தை தேட ஆரம்பிப்பது சுமார் 8 மாதத்தில்தான் என்று சுவிட்சர்லாந்து உளவியலாளர் ழான் பியாஜே கவனித்து எழுதினார். அதற்கும் முன்பே ஓரளவு புரிதல் இருக்கிறது என்று பின்னால் வந்த ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். எப்படியிருந்தாலும், ஒன்பது பத்து மாதத்தில் உங்கள் கையைக் குழந்தையே பிடித்து இழுக்கும் பாருங்கள், அந்த நாளிலிருந்து விளையாட்டு அதனுடையது. இடது பக்கம் எட்டிப் பாருங்கள், அடுத்தது வலது பக்கம், ஒரு தடவை சத்தமில்லாமல், ஒரு தடவை கிசுகிசுப்பாக. குழந்தை முகத்தைத் திருப்பிக்கொண்டாலோ கொட்டாவி விட்டாலோ உடம்பை வளைத்தாலோ போதும் என்று அர்த்தம், நிறுத்திவிடுங்கள். பேச்சு வராத குழந்தை வேறு எப்படிச் சொல்லும்?

அப்புறம் விரல் நடை. உள்ளங்கையில் ஒரு வட்டம் போட்டு, இரண்டு விரலை மெதுவாக மணிக்கட்டு, முழங்கை என்று ஏற்றிக்கொண்டு போய், அக்குளுக்குக் கொஞ்சம் முன்னால் நிறுத்தி, குழந்தை முகத்தைப் பார்த்து, பிறகு கிச்சுகிச்சு. இங்கேயும் சுவாரசியம் எல்லாம் அந்த நிறுத்தத்தில்தான். ஆனால் கிச்சுகிச்சு மூட்டுவதில் ஒரு கண்டிப்பு வேண்டும். பிடிக்காவிட்டாலும் உடம்பு சிரித்துவிடும், அதனால் சிரிப்பை நம்பாதீர்கள். "வேண்டாம்" என்றாலோ கையைத் தள்ளினாலோ அந்த நொடியே கையை எடுத்துவிடுங்கள், மறுபடி வேண்டுமென்றால் அதுவே கையை நீட்டும். தன் "வேண்டாம்" மதிக்கப்படும் என்பதைக் குழந்தை இந்த மாதிரி இடங்களில்தான் முதலில் தெரிந்துகொள்கிறது.

கைக்குழந்தையை மேலே தூக்கிப் போட்டுப் பிடிப்பது, குலுக்குவது இரண்டும் கூடவே கூடாது. கழுத்து நிற்காத குழந்தையை மடியில் ஆட்டும்போது தலைக்குக் கை கொடுத்தே ஆட்டுங்கள்.

தவழ ஆரம்பித்ததும் துரத்தல்

தவழும் குழந்தைக்கும் தத்தித் தத்தி நடக்கும் குழந்தைக்கும் "பிடிக்க வர்றேன்" என்பதைவிடப் பெரிய சந்தோஷம் இல்லை. நீங்களும் தவழுங்கள். மெதுவாக வாருங்கள், முழங்காலைத் தரையில் தொம்தொம் என்று சத்தம் வரும்படி வையுங்கள், கிட்டே வந்து கை நீட்டித் தவறவிடுங்கள். மூன்று தடவை தவறவிட்டு நாலாவது தடவை பிடித்து அணைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் திரும்பி நீங்கள் ஓடுங்கள், அது துரத்தட்டும். பெரியவர் தனக்குப் பயந்து ஓடுகிறார் என்பதில் குழந்தைக்கு வரும் பெருமை முகத்திலேயே தெரியும். மேசை முனை, ஈரத்தரை, வழுக்கும் விரிப்பு இதையெல்லாம் ஒரு பார்வை பார்த்துவிட்டு ஆரம்பியுங்கள். வாயில் தின்பண்டத்தோடு ஓட விடாதீர்கள், விழுங்கி முடிக்கும்வரை உட்கார்ந்த விளையாட்டுதான்.

வீட்டுக்குள் இடமே இல்லையே என்றால், ஓட வேண்டும் என்று கட்டாயமில்லை. 1 முதல் 4 வயதுவரை உள்ள குழந்தைகள் ஒரு நாளில் மொத்தம் 180 நிமிடமாவது உடலை அசைத்து விளையாட வேண்டும் என்றும், 3, 4 வயதுக்காரர்கள் அதில் 60 நிமிடமாவது மூச்சு வாங்கும் அளவுக்கு ஆட வேண்டும் என்றும் உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னது. கேட்டால் மலைப்பாக இருக்கும், ஆனால் அது நாள் முழுக்கச் சேர்ந்து வருவது. கட்டிலிலிருந்து குளியலறைவரை தவளையாகத் தாவுவது, அறைக்குள் யானை நடை, ஒற்றைக்காலில் நொண்டி, சுவரைக் கைகளால் தள்ளி "வீட்டை நகர்த்துவது", எல்லாமே கணக்கில் சேரும்.

உப்பு மூட்டை எல்லாக் குழந்தைக்கும் பிடிக்கும். நீங்கள் குனிந்து உட்கார்ந்து, அது தானாக ஏறிக் கழுத்தைச் சுற்றிக் கை போட்ட பிறகு எழுங்கள். ஆனால் இரண்டு கையையும் பிடித்துத் தூக்கிச் சுற்றுவது வேண்டாம். ஐந்து வயதுக்குள் முழங்கை மூட்டு இன்னும் உறுதிப்படாததால் கையைப் பிடித்து இழுக்கும்போது எலும்பு சட்டென்று நழுவிவிடலாம். எங்கள் வீட்டில் ஒரு நாள் இது நடந்தது. சிரித்துக்கொண்டே சுற்றிய பிள்ளை இறங்கியதும் ஒரு கையை மட்டும் அசைக்காமல் வயிற்றோடு ஒட்டி வைத்துக்கொண்டு நின்றான். மருத்துவர் ஒரு நிமிடத்தில் சரிசெய்துவிட்டார், ஆனால் அதுவரை நாங்கள் பட்ட பாடு போதும். தூக்குவதாக இருந்தால் அக்குளுக்குக் கீழே விலாவைப் பிடித்துத் தூக்குங்கள்.

குழந்தையை நீங்கள் பின்பற்றுங்கள்

ஒன்றரை வயதுக்கு மேல் இதைச் செய்து பாருங்கள், ஒன்றும் சொல்லாமலேயே. குழந்தை தலையை ஆட்டினால் ஆட்டுங்கள். தரையைத் தட்டினால் தட்டுங்கள். "பா" என்றால் "பா". கொஞ்ச நேரத்தில் ஒரு கணம் வரும், நிமிர்ந்து உங்களைப் பார்க்கும், வேண்டுமென்றே ஒன்று செய்யும், செய்துவிட்டு நீங்களும் செய்கிறீர்களா என்று காத்திருக்கும். "நான் செய்தால் இவர் செய்கிறார்" என்று அதற்குப் புரிந்துவிட்டது. நாம் எப்போதும் இதைச் செய், அதைச் செய்யாதே என்று சொல்லிக்கொண்டே இருக்கிறோம், நாள் முழுக்க ஏவலிலேயே இருக்கும் ஒரு சின்ன ஜீவனுக்கு ஐந்து நிமிடம் ராஜ்யம் கிடைக்கட்டும்.

கண்ணாமூச்சி, வயதுக்கு ஏற்ற மாதிரி

இரண்டு மூன்று வயதுக் குழந்தை ஒளிவதைப் பார்த்திருப்பீர்கள். கூடத்தின் நடுவில் நின்று கண்ணை இறுக்கி மூடிக்கொள்ளும், அவ்வளவுதான், ஒளிந்தாயிற்று. அல்லது திரைக்குப் பின்னால் நின்று "நான் இங்க இருக்கேன்" என்று கத்தும். திருத்தாதீர்கள். இதை வைத்து நடந்த ஆய்வுகளில், கண்ணை மூடிக்கொண்ட குழந்தை "என் உடம்பு தெரியும், ஆனா என்னைப் பார்க்க முடியாது" என்கிற மாதிரி பதில் சொல்லியிருக்கிறது. இரண்டு பேர் கண்ணும் சந்தித்தால்தான் பார்த்ததாக அர்த்தம் என்று அந்த வயது நினைக்கிறது. அந்தக் கணக்கு அதற்குச் சரியாகத்தான் இருக்கிறது, தானாக மாறும்போது மாறட்டும்.

உங்கள் வேலை சத்தம் போட்டுத் தேடுவது. "கட்டிலுக்கு அடியில இருக்காளா? இல்லையே. கதவுக்குப் பின்னால? அங்கயும் காணோம். அலமாரிக்குப் பக்கத்துல?" மேலே, கீழே, பின்னால், நடுவில், உள்ளே எல்லாம் பாடம் இல்லாமலேயே காதில் விழுந்துகொண்டிருக்கும். திரை லேசாக ஆடும், உள்ளேயிருந்து சிரிப்பை அடக்கும் சத்தம் வரும், நீங்கள் அந்தப் பக்கமே போகாதீர்கள். இன்னும் ஒரு சுற்று தேடுங்கள். குழந்தையின் முறை முடிந்து நீங்கள் ஒளியும்போது கால் தெரியும்படி ஒளியுங்கள். மிகச் சின்னக் குழந்தைக்கு ஆள் நிஜமாகவே காணாமல் போனால் அழுகை வந்துவிடும்.

நாலு வயதை ஒட்டி, தனக்குத் தெரிந்தது அடுத்தவருக்குத் தெரியாமல் இருக்கலாம் என்பது மெல்லப் பிடிபடும். அப்போது ஒளிவதில் ஒரு தந்திரம் வரும், சத்தம் நிற்கும். அதற்குப் பிறகு எண்ணிக்கையைப் பத்திலிருந்து இருபது ஆக்கலாம், தலைகீழாக எண்ணலாம். ஒளியக்கூடாத இடங்களை ஆரம்பிக்கும் முன்பே கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுங்கள்: குளிர்சாதனப் பெட்டி, துணி துவைக்கும் இயந்திரம், மூடிபோட்ட பெரிய பெட்டி, பால்கனி, அடுப்படி. இதில் மட்டும் விட்டுக்கொடுக்கவே கூடாது.

இதற்குத் தம்பி மாதிரி ஒரு விளையாட்டு உண்டு. கையை முதுகுக்குப் பின்னால் வைத்துச் சில விரல்களை நீட்டுங்கள், எத்தனை என்று ஊகிக்கச் சொல்லுங்கள். மூன்று வயதுக் குழந்தையின் முறை வந்தால், நீங்கள் யோசிப்பதற்குள் "மூணு!" என்று அதுவே சொல்லிக் கையைக் காட்டிவிடும். காட்டட்டும். ஒரு நாள் காட்டாமல் வாயை மூடிக்கொண்டு உங்களைப் பார்த்துக் கண்ணால் சிரிக்கும்.

சிலை விளையாட்டு, என் கணக்கில் இதுதான் முதலிடம்

கை தட்டுங்கள், குழந்தை நடக்க வேண்டும். தட்டுவது நின்றால் அப்படியே சிலையாக நிற்க வேண்டும். இவ்வளவுதான் விதி. மெதுவாகத் தட்டினால் மெதுவாக, வேகமாகத் தட்டினால் ஓட்டம். மூன்று வயதுக்கு இதுவே போதும். நின்ற பிறகு ஐந்துவரை எண்ணுங்கள், ஆடுகிற விரலைப் பார்த்தும் பார்க்காத மாதிரி விடுங்கள்.

ஐந்து வயதில் புரட்டிப் போடுங்கள். வேகமாகத் தட்டினால் மெதுவாக நடக்க வேண்டும், மெதுவாகத் தட்டினால் ஓட வேண்டும். அல்லது "தலையைத் தொடு" என்றால் கால் விரலைத் தொட வேண்டும், "காலைத் தொடு" என்றால் தலை. குழந்தையின் கை பாதி தூரம் தலைக்குப் போய், நடுவில் நின்று, திரும்பிக் காலுக்கு வருவதைக் கிட்டே இருந்து பாருங்கள். அந்த அரை நொடி நிறுத்தம்தான் இதில் நடக்கும் பயிற்சி. மனதில் வந்ததை உடனே செய்யாமல் அடக்கி, விதியை நினைவில் வைத்து, வேறொன்றைச் செய்கிறது. குழந்தைகளின் சுயகட்டுப்பாட்டை அளக்க ஆய்வாளர்களும் இதே தலை-கால் முறையைத்தான் பயன்படுத்துகிறார்கள். வரிசையில் காத்திருக்கவும், கோபம் வந்தால் கையை ஓங்காமல் இருக்கவும் பின்னால் தேவைப்படுவது இதே திறன்தான்.

ஆடாமல் நிற்கவே முடியாத துருதுரு பிள்ளை என்றால் ஒரு வேடம் கொடுங்கள். "நீ கோட்டைக் காவல்காரன், எதிரி வர்றானான்னு பார்த்துக்கிட்டு நில்லு." 1940களில் சோவியத் நாட்டில் செய்த ஒரு சோதனையில், சும்மா நில் என்று சொன்னதைவிடக் காவல்காரனாக நடிக்கச் சொன்னபோது குழந்தைகள் அதிக நேரம் அசையாமல் நின்றார்கள். என் மகனிடம் செய்து பார்த்தேன். சும்மா நிற்கச் சொன்னால் பத்து எண்ணுவதற்குள் நெளிபவன், காவல்காரனானதும் தாடையை இறுக்கி ஒரே பக்கம் பார்த்துக்கொண்டு நான் எண்ணி முடித்த பிறகும் நின்றுகொண்டிருந்தான்.

உட்கார்ந்தபடி வாயால் விளையாடுவது

"பற பற" எல்லோருக்கும் தெரிந்திருக்கும். ஒருவர் பெயர் சொல்ல வேண்டும், பறப்பது என்றால் கையைத் தூக்க வேண்டும், பறக்காதது என்றால் தூக்கக்கூடாது. "காக்கா பற பற, கிளி பற பற, யானை பற பற." சொல்லும்போது நீங்கள் எல்லாவற்றுக்கும் கையைத் தூக்குங்கள், அப்போதுதான் ஏமாறுவார்கள். ஒரு தடவை யானைக்குக் கையைத் தூக்கிய என் மகள் இறக்கவே மாட்டேன் என்றாள், காக்கா தூக்கிக்கொண்டு போகிறதாம், அதனால் யானையும் பறக்குதாம். நான் ஒத்துக்கொண்டேன். விதி பிசகினாலும் பரவாயில்லை, இப்படி ஒரு காரணம் வந்ததே பெரிது. இலை பறக்குமா, கோழி பறக்குமா என்று பேச்சு வளர்ந்து விளையாட்டே மறந்து போனாலும் நல்லதுதான்.

"கலர் கலர், என்ன கலர்?" இடம் சின்னதாக இருந்தாலும் சரியாக வரும். நீங்கள் சிவப்பு என்றால் அறையில் சிவப்பாக எதையாவது ஓடிப்போய்த் தொட வேண்டும். நிறம் பழகியதும் வழவழப்பாக இருப்பது, குளிர்ச்சியாக இருப்பது, வட்டமாக இருப்பது என்று மாற்றுங்கள்.

நாலரை ஐந்து வயதில் ஒலி விளையாட்டு ஆரம்பிக்கலாம். "'க'வில ஆரம்பிக்கிறது ஒண்ணு இந்த ரூம்ல இருக்கு, என்ன?" கதவு, கட்டில், கண்ணாடி. எழுத்து தெரிந்திருக்க வேண்டியதில்லை, காதுக்குத்தான் இது. சொல் முடிகிற எழுத்தில் அடுத்த சொல்லை ஆரம்பிக்கும் சங்கிலியை ஆறு வயதுக்கு வைத்துக்கொள்ளுங்கள், தமிழில் அது கொஞ்சம் சிக்கல். மரம், பழம், படம் என்று எதைச் சொன்னாலும் 'ம்'மில் வந்து நிற்கும், 'ல்'லில் முடிந்தால் லாரி, லட்டுக்கு மேல் அதிகம் கிடைக்காது, 'ன்' வந்தால் ஆரம்பிக்கவே சொல் இல்லை. அதனால் 'ம்' என்றால் 'ம' வரிசையில் எது வேண்டுமானாலும், 'ன்' என்றால் 'ந' வரிசை என்று முன்னாலேயே பேசிக்கொள்ளுங்கள்.

உடம்பு அசந்துபோன நாளில்

வேலை முடித்து வந்து எழுந்திருக்கவே தெம்பில்லை என்றால் படுத்துக்கொண்டே விளையாடுங்கள். நீங்கள் மலை, குழந்தை ஏறி இறங்கட்டும். நீங்கள் நோயாளி, அது டாக்டர், கையையும் காலையும் தட்டிப் பார்த்து மருந்து கொடுக்கட்டும். எங்கள் வீட்டில் தூங்கப் போகும் முன் முதுகில் எழுதும் விளையாட்டு தினமும் உண்டு. குப்புறப் படுத்த குழந்தையின் முதுகில் விரலால் மெதுவாக ஒரு வட்டம், ஒரு வீடு, ஒரு எண் வரைய வேண்டும், என்ன என்று கண்டுபிடிக்க வேண்டும். அப்புறம் முறை மாறும். அந்தச் சின்ன விரல் உங்கள் முதுகில் சூரியன் வரைந்து ஒவ்வொரு கதிராக இழுத்துக்கொண்டிருக்கும்போது நாள் முழுக்கப் பட்ட அலுப்பு எங்கே போனது என்று தெரியாது.

இரண்டு பிள்ளைகள் இருந்தால்

"தம்பியோட சேர்ந்து விளையாடு" என்று இரண்டு வயதுக் குழந்தையைத் தள்ளாதீர்கள். அந்த வயதுக்கு ஒருவர் பக்கத்தில் இன்னொருவர் தனித்தனியாக விளையாடுவதுதான் இயல்பு, குழந்தைகளின் விளையாட்டை ஆராய்ந்த மில்ட்ரெட் பார்ட்டன் 1932இலேயே இதைப் பதிவு செய்திருக்கிறார். சேர்ந்து திட்டம் போட்டு ஆடுவது பின்னால் வரும். மூத்த பிள்ளைக்கு ஒரு பொறுப்பு கொடுங்கள்: அது கை தட்டட்டும், சின்னது சிலையாகட்டும்.

"அவுட்" வேண்டாம். தோற்றவர் மூலையில் உட்கார வேண்டும் என்றால், யாருக்கு அதிகப் பயிற்சி தேவையோ அவரே முதலில் வெளியே போய்விடுவார். தப்பு செய்தவர் ஒரு தடவை குதித்துவிட்டு உடனே உள்ளே வரலாம் என்று வையுங்கள். நாலு வயதில் தோற்று அழுவது சாதாரணம், அழட்டும், மடியில் வைத்துக்கொள்ளுங்கள், "இதுக்கெல்லாமா அழுவாங்க" என்று மட்டும் கேட்காதீர்கள். தினமும் விட்டுக்கொடுத்துத் தோற்கவும் வேண்டாம், கலந்து வரட்டும்.

எப்படி நிறுத்துவது என்பதுதான் கடைசிக் கஷ்டம். "போதும் வா" என்று திடீரென எழுந்தால் அழுகைதான். "இன்னும் ரெண்டு தடவை" என்று சொல்லுங்கள், விரலைக் காட்டி ஒவ்வொன்றாக மடக்குங்கள், சொன்னபடி இரண்டு தடவை விளையாடுங்கள், மூன்றாவதுக்கு இறங்கிப் போகாதீர்கள். அடுத்து செய்ய வேண்டிய வேலைக்கு அதே விளையாட்டிலேயே கூட்டிக்கொண்டு போங்கள். பல் தேய்க்க வேண்டுமா, தவளை வழியில் எங்கும் நிற்காமல் குளியலறைக் கதவுவரை எத்தனை தாவலில் போகிறது என்று எண்ணுங்கள். எங்கள் வீட்டுத் தவளைக்கு இப்போது பதினொன்று.